பெயர் வெட்டிய அண்டா

விளம்பி வருஷம், தை 12. ராயபுரம்

நாளைக்குக் கப்பல், சமையல் வேலைக்கு. இன்று வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட என் பெண்சாதி சூசையம்மாளின் வாய்தான் அதிகம் எரிந்தது. எல்லாம் அந்தப் பித்தளை அண்டாவுக்காக. அவள் அம்மா வீட்டுச் சீர். விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருக்கிறது.

"கப்பல் பாத்திரத்துல பன்னி வேகும். அதுல சோறு வடிக்க என் கைக்கு ஓடாதுடி" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க, வேணாங்கல. ஈயம் பூசிட்டு எடுத்துட்டுப் போங்க. உள்ளே வெள்ளை போய் மஞ்சள் தெரியுது பாருங்க."

ஈயம் பூசுகிறவன் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் இன்னும் வந்த பாடில்லை. நான் என்ன செய்வது? சோறு வடிக்கத்தானே, ஒன்றும் ஆகாது என்று சாக்கில் கட்டிவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் வந்து முணுமுணுத்தாள்.

தை 13. கப்பலில்

கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுவிடும் மசூலாப் படகில் வரும்போதே முழுக்க நனைந்தேன். அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். படகுக்காரன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

கைதிகளைப் பிறகு ஏற்றினார்கள். இரண்டு இரண்டு பேராகச் சங்கிலி. எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்ப் பயல்கள், பாதிப் பேருக்கு மீசைகூட அரும்பவில்லை. பட்டாளக் கோர்ட்டு இவர்களை வான் டீமன் தீவுக்கு அனுப்பியிருக்கிறது. உலகத்தின் கடைசி மூலையாம் அது. அழுதுகொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். அட, சிரித்துக்கொண்டு வருகிறார்கள்!

கப்பித்தான் மனைவிக்கு ஆயாவாக ரோசம்மாள் வந்திருக்கிறாள். பரங்கிமலைக்காரி, விதவை, வாய்க்குப் பூட்டே கிடையாது. தமிழ் பேச இன்னொரு ஜீவன் கிடைத்ததே என்று இருந்தது. ஏன் சிரிக்கிறான்கள் என்று அவளிடம் கேட்டேன்.

"வேணும்னே பண்ணிட்டு வர்றானுங்க அண்ணே. பட்டாளத்துல ஆயுசுக்கும் வெயில்ல வேகணும். அந்தத் தீவுக்குப் போனா ஏழு வருஷத்துல விடுதலை, அப்புறம் நிலம், ஆட்டுமந்தைன்னு எவனோ சொல்லி வெச்சிருக்கான். உடனே சார்ஜண்டை ஒரு அடி. நேரா கப்பல்."

"நிஜமாவே ஆடு கிடைக்குமா?"

"கசாப்புக் கடைக்குப் போற ஆட்டுகிட்டே தழை இருக்குன்னுதான் சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள்.

தை 15

வாந்தி. எழுத முடியவில்லை.

தை 21

இன்றுதான் மனுஷனானேன். பார்லோ என்ற பையனை எனக்குக் கையாளாக விட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயசு, முகமெல்லாம் கேழ்வரகு தூவினாற்போல் புள்ளி. தொப்பியைக் கழற்றி சார்ஜண்டின் முகத்தில் அடித்தானாம். அதுதான் குற்றம். பெங்களூரில் இருந்தவன், பட்டாளத் தமிழ் கொஞ்சம் வரும். என் பெயர் சந்தியாகு, அவன் வாயில் அது 'சாண்டி' ஆகிவிட்டது.

"சாண்டி, கொஞ்சம் மொளகுத்தண்ணி இருக்கா?" என்கிறான். நான் எனக்கென்று மண்சட்டியில் வைத்த ரசம். ஒரு குவளை கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரக் குடித்துவிட்டுக் குவளையை வழித்து நக்கினான். சமைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தினம் ஒரு குவளை உனக்கு என்று சொல்லிவிட்டேன்.

காவலுக்கு வந்திருக்கும் சார்ஜண்ட் ப்ரௌட்ஃபுட்டுக்கு அவனைக் கண்டால் ஆகாது. சார்ஜண்டை அடித்தவன் அல்லவா. இவர் அந்த சார்ஜண்ட் இல்லை, ஆனாலும் இனம் இனத்தோடு.

மாசி 1

புயல். மூன்று நாள் அடுப்பே மூட்டவில்லை. கப்பல் டாக்டர் கெல்சோவின் பெரிய பீங்கான் ஜாடிகள் அத்தனையும் உடைந்தன. கைதிகளுக்குத் தினமும் எலுமிச்சைச் சாறு சர்க்கரை கலந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈறு அழுகிச் சாவார்கள் என்பது டாக்டரின் சட்டம். பீப்பாயில் சாறு இருக்கிறது, கலந்து வைக்கப் பாத்திரம் இல்லை. மனுஷர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் அண்டாவைக் கொண்டுபோய் வைத்தேன். தட்டிப் பார்த்தார், கணீர் என்றது. "பிரமாதமான பாத்திரம், சந்தியாகு" என்றார். சூசையம்மாள் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மாசி 4. சாம்பல் புதன்

கோயில் இல்லை, சாமியார் இல்லை. அடுப்புச் சாம்பலை நானே நெற்றியில் இட்டுக்கொண்டேன். ரோசம்மாளுக்கும் இட்டேன். மீதிச் சாம்பலையும் மணலையும் பார்லோவிடம் கொடுத்து அண்டாவைத் தேய்க்கச் சொன்னேன். பயல் சும்மா சொல்லக்கூடாது, தோள் இறங்கத் தேய்த்தான். உள்ளே அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளையெல்லாம் போய், வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே தங்கமாக மின்னுகிறது. முகம் பார்க்கலாம்.

சாற்றை இரண்டு மூன்று நாளுக்கு ஒரேயடியாகக் கலந்து வைத்துவிடுகிறேன். தினம் தினம் யார் பீப்பாயைத் திறப்பது? பார்லோ வாளியில் மொண்டு எல்லாருக்கும் ஊற்றிவிட்டு வருவான். அவனுக்குச் சாறு பிடிக்காது, முகத்தைச் சுளிக்கிறான். "உன் பங்கை எவனுக்காவது ஊத்து, உனக்குத்தான் மொளகுத்தண்ணி இருக்கே. டாக்டர் காதுல விழாம பாத்துக்கோ" என்றேன்.

மாசி 10

ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுவலி, வாந்தி. கடல் கொந்தளிப்புத்தான்.

மாசி 12

கடல் குளம் மாதிரி கிடக்கிறது. வாந்தி நிற்கவில்லை. வாந்தி வாளியைக் கழுவப் போன ரோசம்மாள் வந்து, "பச்சையா எடுக்கறானுங்க அண்ணே" என்றாள். பித்தம் பச்சையாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரனுக்குப் பித்த உடம்பு.

மாசி 15

கீட்லி என்ற பையன் விடிகாலையில் போய்விட்டான். பத்தொன்பது வயசு. பாய்த்துணியில் தைத்து, காலில் குண்டு கட்டி இறக்கினார்கள். தண்ணீர் ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். பார்லோ என் பக்கத்தில் நின்று அழுதான். இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டுமந்தை வைப்பதாக இருந்தார்களாம்.

உடம்பில் தெம்பு இல்லாததால்தான் இப்படி என்று டாக்டர் சொல்கிறார். நாளையிலிருந்து ஆளுக்கு இரண்டு குவளை சாறு.

மாசி 16

ரோசம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அண்டாவையே பார்த்தாள்.

"அண்ணே, இது ஈயம் பூசினதா?"

"ஏன்?"

"புளிப்பாச்சே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுப்படியில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குப் பிள்ளை தூக்குகிற ஆயா பாடம் சொல்கிறாளா? "உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ தாயே" என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனது இதுவே முதல் தடவை.

கோபத்தில் பருப்பைத் தீய விட்டேன்.

மாசி 19

மோஸ் செத்தான். கீட்லியைவிடச் சின்னவன். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டான். அந்த வார்த்தை மட்டும் எந்த பாஷையிலும் விளங்கிவிடுகிறது.

பிற்பகலில் சார்ஜண்ட் எல்லாரையும் மேல்தட்டில் நிறுத்தினார். கைதிகள் அத்தனை பேரும் வாடிக் கிடக்கிறார்கள், பார்லோ ஒருவன் மட்டும் கன்னம் சிவந்து நிற்கிறான். சாற்று வாளியைத் தூக்குகிறவனும் அவனே. எலிப் பாஷாணம் வைத்த டப்பா பாதி காலியாக இருக்கிறதாம். கப்பலில் எலிக்கா பஞ்சம், காலியாகத்தான் இருக்கும். ஆனால் யார் கேட்பது?

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "பார்லோ அவன் பங்குச் சாற்றைக் குடிக்கிறானா?"

பார்லோ என்னைப் பார்த்தான். நான் சொல்லியல்லவா அவன் குடிக்கவில்லை. டாக்டரின் சட்டத்தை மீறினேன் என்று ஆகும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "குடிக்கிறான், ஐயா."

"எல்லாரும் குடித்த அதே சாறா?"

"அதேதான், ஐயா."

குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், தன் குவளையை எடுத்துக்கொண்ட பிறகுதான் வாளியில் எதையோ போட்டிருக்கிறான் என்றார் சார்ஜண்ட். கை, கால் இரண்டுக்கும் விலங்கு மாட்டி அடித்தட்டு இருட்டறைக்கு இழுத்துப் போனார்கள். "சாண்டி, சொல்லு! சாண்டி!" என்று கத்திக்கொண்டே போனான்.

மாசி 20

சாற்றை மரத்தொட்டிக்கு மாற்றினேன். அண்டா கனம், தூக்க முடியவில்லை. அவ்வளவுதான். அதைக் கழுவிச் சாக்கில் போட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாயிற்று. கழுவும்போது அடியில் பாசி மாதிரி ஏதோ கையில் ஒட்டியது. நான் உற்றுப் பார்க்கவில்லை.

மாசி 27

யாருக்கும் வாந்தி இல்லை. பையன்கள் எழுந்து நடக்கிறார்கள், ஒருவன் பாட்டுக்கூடப் பாடினான். தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சார்ஜண்ட் மார்பைத் தட்டிக்கொண்டு திரிகிறார். "பார்த்தீர்களா? அவனைப் பூட்டினேன், நோய் நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" கப்பித்தானும் ஒத்துக்கொண்டுவிட்டார். ஹோபார்ட் துறைமுகத்தில் பார்லோவை நீதிபதியிடம் ஒப்படைப்பார்கள். இரண்டு கொலை. தூக்குத்தான்.

நான் சோற்றை வடித்தேன். கையெல்லாம் கஞ்சி கொட்டிக்கொண்டேன்.

மாசி 28

ரோசம்மாள் வந்தாள். கோபமாக வருவாள் என்று இருந்தேன். மெல்லத்தான் பேசினாள், அது இன்னும் மோசம்.

"பாத்திரத்தை மாத்துனது நல்லதுதான் அண்ணே. பையனுங்க பொழைச்சானுங்க. ஆனா அதுவே அந்தப் புள்ளைக்குத் தூக்குக் கயிறா போச்சே. போய்ச் சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? என் அண்டா ரெண்டு வெள்ளைக்காரனைக் கொன்னுடுச்சுன்னா? கறுப்பன் கை பட்டு வெள்ளைக்காரன் செத்தா, தெரியாம நடந்துச்சுன்னா விடுவான்? அவனுக்கு மாட்டின கயித்தைக் கழட்டி எனக்கு மாட்டுவான். எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு ரோசம்மா!"

"அவனுக்கும் அம்மா இருப்பா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பங்குனி 2

குளிர் எலும்பைக் கடிக்கிறது. இவ்வளவு தெற்கே கடலுக்கு என்ன வேலையோ தெரியவில்லை.

பார்லோவுக்குச் சோறு கொண்டுபோகிறவனுக்குக் காய்ச்சல். என்னைப் போகச் சொன்னார்கள். பையனின் மணிக்கட்டு புண்ணாகிக் கிடக்கிறது. என்மேல் கோபப்படுவான் என்று பார்த்தால், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சாண்டி, அன்னைக்குப் பயந்துட்டே. எனக்குத் தெரியும். நான் சாறு குடிக்கல, உன் மொளகுத்தண்ணிதான் குடிச்சேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. அது போதும்."

அது போதாது, அதோடு நிற்காது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாறு குடிக்காதவன் பிழைத்தான் என்றால் அடுத்த கேள்வி சாறு எதில் இருந்தது என்பது.

"சொல்றேன்" என்றேன்.

"எனக்கு ஆடு கிடைச்சதும் முதல் குட்டிக்கு உன் பேர் வெப்பேன்" என்றான்.

சொல்லவில்லை.

பங்குனி 5

டாக்டர் அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே சார்ஜண்டின் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குப் போகலாம்.

பங்குனி 6

போகவில்லை. நான் கோழை. எழுதிவைத்தால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்?

பங்குனி 8

ஒன்று தோன்றியது. பார்லோ விலங்கில் கிடக்கும்போதே யாராவது அதே மாதிரி விழுந்தால்? அப்போது அவன்மேல் எப்படிப் பழி சொல்வார்கள்?

தோன்றியதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். இதை நான்தான் நினைத்தேனா என்று இருந்தது.

பங்குனி 9

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அண்டாவை எடுத்தேன். அடியில் கொஞ்சம் சாறு ஊற்றி மூடிவைத்தேன். ரோசம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஐயோ அண்ணே, யாருக்கு?"

மூடியை இன்னும் அழுத்தி வைத்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பங்குனி 11

மூடியைத் திறந்தேன். விளிம்போரமெல்லாம் பச்சைப் பசேல் என்று பூத்திருக்கிறது. களிம்பு, ஈயமில்லாத பித்தளையில் புளிப்பு ஊறினால் ஏறுகிற விஷம். எழுதிவிட்டேன். இத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதாமல் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து சார்ஜண்ட் சமையலறைக்குள் வந்தார். தொண்டை கட்டியிருக்கிறதாம். "அந்தச் சாற்றில் எனக்கும் ஒரு குவளை கொடு" என்றார். வலப்பக்கம் மரத்தொட்டி, இடப்பக்கம் அண்டா. இந்த ஆள் விழுந்தால் ஊரே நம்பும். என் கை இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. "சீக்கிரம்" என்றார்.

மரத்தொட்டியில்தான் மொண்டேன். குடித்துவிட்டு, "நல்ல சாறு" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தப் பாவிக்குத் தெரியாது. நான் அண்டாவை மூடினேன்.

பங்குனி 12

எல்லாருக்கும் தொட்டிச் சாறு ஊற்றியாயிற்று. அண்டாவில் இருப்பது எனக்கு. சர்க்கரை தாராளமாகப் போட்டேன். அப்படியும் செப்புக்காசை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. முதல் குவளை இறங்கியது. இரண்டாவதும் குடித்துவிடுகிறேன், ஒன்று போதாமல் போனால்?

சூசையம்மா, என்னை மன்னித்துவிடு.

பங்குனி 17

இன்றுதான் எழுத விரல் வளைகிறது. நான்கு நாள் என்ன நடந்தது என்று முழுதும் தெரியாது. குடலைக் கையால் முறுக்கிப் பிழிந்தாற்போல் இருந்தது. ரோசம்மாள்தான் கூட இருந்தாள், சோற்றுக்கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். திட்டிக்கொண்டே ஊற்றினாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ டாக்டர் வந்தார். பின்னால் சார்ஜண்ட். நான் எடுத்த வாந்தியை டாக்டர் பார்த்தார். பச்சை.

"அதே நோய்" என்றார்.

நான் பேச முயன்றேன். முனகல்தான் வந்தது. அவர் குனிந்தார்.

"ஐயா, பார்லோ எங்கே?"

"கீழே. விலங்கில்."

"இத்தனை நாளும் அங்கேதானா?"

"அங்கேதான்."

"அப்போ எனக்கு விஷம் வெச்சது யார், ஐயா?"

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு சார்ஜண்டை வெளியே அனுப்பிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பித்தளைச் சத்தம் எனக்குத் தெரியாதா? வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இந்தப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துப் பிரமாதம் என்றவர் அவர். ஆளுக்கு இரண்டு குவளை என்றவரும் அவர்.

"பித்த ஜுரம்" என்றார். "அந்த இரண்டு பையன்களுக்கும் பித்த ஜுரம், உனக்கும் பித்த ஜுரம். அப்படித்தான் கப்பித்தானிடம் சொல்லப்போகிறேன். உனக்கு விளங்குகிறதா?"

"விளங்குது, ஐயா."

"அந்தப் பாத்திரத்தைக் கடலில் போடு."

பங்குனி 21. ஈஸ்டர் முடிந்தது

பார்லோவை விலங்கு கழற்றி மேலே விட்டார்கள். வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நேரே சமையலறைக்கு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு நோய் வந்ததாலேதான் நான் பொழைச்சேன், சாண்டி. உனக்குக் கஷ்டம், எனக்கு அதிர்ஷ்டம்" என்றான். சிரிக்க முயன்றான். ரோசம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மொளகுத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். எனக்கு இறங்கவில்லை.

விகாரி வருஷம், சித்திரை 3. ஹோபார்ட்

வருஷம் பிறந்ததே தெரியவில்லை. கரை தெரிகிறது. மலை உச்சியில் வெள்ளையாக இருப்பது பனி என்கிறார்கள்.

பையன்கள் கம்பியோரம் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். துறையில் கால் விலங்கோடு வரிசையாக ஆட்கள், கல் வண்டியைத் தோளால் இழுக்கிறார்கள். மாடு இல்லை, மனுஷர்களே இழுக்கிறார்கள். ஒருவன் விழுந்தான். சவுக்கோடு நின்றவன் அவன் பக்கம் போனான். பையன்கள் ஒவ்வொருவராகக் கம்பியை விட்டுப் பின்வாங்கினார்கள்.

"ஆடுங்க உள்நாட்டுல இருக்கும்" என்றான் பார்லோ. யாரும் அவனைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கீட்லியும் மோஸும் கொடுத்து வைக்கல. இவ்வளவு தூரம் வந்து பாக்காம போயிட்டாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் சங்கிலியை மாட்டிப் படகில் இறக்கிவிட்டார்கள். படகிலிருந்து இரண்டு கையையும் சேர்த்துத்தான் ஆட்ட முடிந்தது, அப்படியே ஆட்டினான். "சாண்டி! நல்லவன் நீ!" என்று கத்தினான். நான் கையைத் தூக்கவில்லை. ரோசம்மாள்தான் எனக்கும் சேர்த்து ஆட்டினாள்.

அண்டாவை இத்தனை நாளும் போட மனம் வரவில்லை. இன்று தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் போட்டேன். உடனே முழுகவில்லை. சூசையம்மாள் என்று வெட்டின எழுத்து மேலே தெரிய, கொஞ்ச தூரம் மிதந்துபோய்ப் பிறகுதான் சாய்ந்தது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள். புயலில் கடலோடு போய்விட்டது என்று சொல்வேன். திட்டமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். நெஞ்சில் கை வைத்து, "போனா போகுது, யார் உசுருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பாள்.